சோத்துக்கையும் பீச்சாங்கையும்

கருவேலங்கோட்டை ஜமீன்தாரிடம் விளிம்பு கனத்த வெண்கலத் தட்டு ஒன்று இருந்தது. சுழற்றி எறிந்தால் நேராகச் சீறிப் போகும். வேகம் அடங்கியதும் சட்டென்று இடப்பக்கம் சாய்ந்து விழும்.

“இடப்பக்கம் விழுந்தால் எறிந்தவன் திருடன், வலப்பக்கம் விழுந்தால் யோக்கியன்” என்பது ஜமீன் சட்டம். பழி சுமத்தப்பட்டவர்கள் எல்லாரும் மரியாதையாக வலது கையால் எறிந்தார்கள். அவர்கள் எல்லாரும் திருடர்களாகி, நிலத்தை ஜமீனிடம் பறிகொடுத்து ஊரைவிட்டே போனார்கள்.

அன்று வெள்ளிக் கும்பாவைக் காணோம் என்று சமையற்காரி சடச்சியை இழுத்து வந்தார்கள்.

“எறிடீ!” என்றார் ஜமீன்தார்.

சடச்சி தட்டை இடது கையில் எடுத்தாள். கூட்டத்துக்கு மூச்சே நின்றுவிட்டது.

“அடிப்பாவி! என் முன்னால பீச்சாங்கையா?” ஜமீன்தார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“கோவிச்சுக்காதீங்க சாமி. இந்த ஊர்ல சோத்துக்கை எல்லாமே திருட்டுக்கைன்னு உங்க தட்டே சொல்லிருச்சு. அதை நம்பி எப்படி எறியறது?”

சொல்லிக்கொண்டே வீசினாள். கை மாறியதால் தட்டு எதிர்ப்பக்கமாகச் சுழன்று, நேராகச் சீறிப் போய், கடைசியில் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜமீன் கணக்குப்பிள்ளையின் வாயிலிருந்த வெற்றிலை மடியில் விழுந்தது.

சடச்சி தட்டை எடுத்துத் துடைத்து, இரண்டு கையாலும் பணிவாக நீட்டினாள்.

“இப்ப சாமி ஒரு தடவை எறிஞ்சு காட்டுங்க. நீங்க மரியாதை தெரிஞ்சவங்க, சோத்துக்கையாலதான் எறிவீங்க.”

ஜமீன்தாரின் வலது கை மெல்லச் சால்வைக்குள் போய் ஒளிந்துகொண்டது.