வாடகைக் கடைக்குப் பால் காய்ச்சிய கதை

கருவக்குளத்துச் சேவு வியாபாரி செவத்தையாவுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அவருடைய சகலை அருந்தவம் இண்டர்நெட்டில் காராச்சேவு விற்கத் தொடங்கிவிட்டான். விற்றால் விற்றுவிட்டுப் போகட்டும். “அண்ணே, தீபாவளிக்குள்ள நீங்களும் கடை போடலேன்னா சொல்லுங்க, உங்க காராச்சேவையும் என் பேர்லயே வித்துத் தாரேன்” என்று சந்தையில் நாலு பேர் முன்னால் சொன்னானே, அதைத்தான் அவரால் மறக்க முடியவில்லை.

கூட்டாளிகள் குருவு, பொன்னிருளன் இருவரையும் கூட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டர் ரெஜினாவிடம் போனார்.

“ரெண்டு வழி இருக்கு அண்ணாச்சி. கடை நடத்துற சாஃப்ட்வேரை விலைக்கு வாங்கி நீங்களே வச்சுக்கலாம். பூட்டு, பழுது எல்லாம் உங்க பொறுப்பு. இல்லேன்னா மாச வாடகை. கம்பெனிக்காரங்க இடத்துலயே கடை ஓடும், அவங்களே பாத்துக்குவாங்க. சொந்த வீடு, வாடகை வீடு மாதிரின்னு வச்சுக்கோங்க.”

மூவரும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

“சொந்த வீடுன்னா வெள்ளையடிக்கணும்” என்றான் குருவு.

“வாடகை வீட்டுல ஆணி அடிக்க விடமாட்டானே, சாமி படத்தை எங்க மாட்டுறது?” என்றான் பொன்னிருளன்.

செவத்தையா ரெஜினாவைப் பார்த்தார்.

“எத்தனை படம் வேணும்னாலும் போடலாம் அண்ணாச்சி.”

“அப்ப வாடகையே போதும். நல்ல வீட்டுக்காரன்.”

ரெஜினா கடையை அமைத்து, செவத்தையாவின் லேப்டாப்பில் திறந்து காட்டி அனுப்பினாள். வீட்டுக்கு வந்ததும் குருவு தடுத்தான். “வாடகைன்னாலும் பால் காய்ச்சாம குடி போகலாமா?”

லேப்டாப்பைக் கிழக்கு பார்த்து வைத்து, பக்கத்தில் அடுப்பு மூட்டினார்கள். பால் பொங்கித் தரையில் வழிந்தது.

“வெளிய பொங்கி என்ன பிரயோஜனம்? வீட்டுக்குள்ளல்ல பொங்கணும்” என்று பொன்னிருளன் ஒரு கரண்டி எடுத்து எழுத்துக் கட்டைகளின் மேல் ஊற்றினான். புகை வந்தது.

“சாம்பிராணி போடாமலே புகையுது, நல்ல சகுனம்” என்றான் குருவு. பிறகு திரை இருட்டாகிவிட்டது.

செவத்தையாவின் கண்முன் அருந்தவம் பல்லைக் காட்டினான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ரெஜினா தன் கம்ப்யூட்டரில் கடையைத் திறந்து காட்டினாள். “கடைக்கு ஒண்ணும் ஆகல. அது உங்க லேப்டாப்புக்குள்ள இல்லவே இல்ல, சென்னையில கம்பெனி இடத்துல இருக்கு. பாருங்க, முதல் ஆர்டரே வந்திருக்கு!”

செவத்தையா தலையில் கை வைத்தார். “அப்ப நாங்க பால் காய்ச்சினது யார் வீட்டுக்கு?”

“அங்க காய்ச்சாமலே வியாபாரம் தொடங்கிட்டோமே!” என்று பதறினான் குருவு. “உங்க சகலைக்குத் தெரிஞ்சா போச்சு.”

அன்றே அடுப்பும் பாத்திரமும் பால் கேனுமாகச் சென்னைக்கு பஸ் ஏறினார்கள். கம்பெனி வாசலில் காவலாளி மறித்தார்.

“யாருய்யா நீங்க?”

“புதுசா குடி வந்திருக்கோம். அடுப்படி எந்தப் பக்கம்?”

“அடுப்படியா? ஆயிரக்கணக்கான கடைங்களோட கம்ப்யூட்டருங்க இருக்கிற இடம்யா இது!”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அத்தனை குடித்தனமா? கொண்டுவந்த பால் எல்லாத்துக்கும் காணாதே” என்றான் பொன்னிருளன்.

“காணும்” என்றார் செவத்தையா. “தண்ணி ஊத்திக்கலாம். அருந்தவம் கடையும் இங்கதான் இருக்கும். அந்தக் கதவை மட்டும் தட்டாதீங்க.”