பஸ் ஸ்டாண்டுச் சுவரில் குஞ்சிதபாதம்

பஸ் ஸ்டாண்டின் நீளச் சுவரில் அந்த வட்டாரத்து வித்வான்கள் ஏழு பேரை ஆளுயரத்துக்கு மும்மடங்காக வரைந்து வைத்தது நகராட்சி. ஆறு பேர் காலமானவர்கள். ஏழாவது ஆள் தவில் குஞ்சிதபாதம். மனுஷன் நல்ல திடகாத்திரமாக, தினம் அந்தச் சுவரைத் தாண்டித்தான் மோட்டார் சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தார்.

மாசிலாமணிக்கு அதுதான் பொறுக்கவில்லை. செத்துப்போனவர்களைப் பார்த்து யார் பொறாமைப்படப் போகிறார்கள்?

மாசிலாமணியும் தவில்காரர்தான். வயது ஐம்பத்திரண்டு. அவரும் குஞ்சிதபாதமும் தையல்நாயகி அம்மாளிடம் ஒரே பாயில் உட்கார்ந்து கற்றவர்கள். தவில் வாசிக்கிறவர்கள் வலது கை விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொள்வார்கள், இடது கையில் கழி பிடிப்பார்கள். மாசிலாமணி பீச்சாங்கைக்காரர் என்பதால் அவருக்கு எல்லாமே மாறி இருக்கும். "இது விளங்காது" என்று மற்ற வாத்தியார்கள் திருப்பி அனுப்பிய ஆளை, அம்மாள்தான் தனக்கு நேர் எதிரே உட்காரவைத்து, கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி பார்த்து வாசிக்கச் சொன்னார். அந்த ஜில்லாவில் வேறு பீச்சாங்கைத் தவில்காரர் கிடையாது.

பதினோரு நாள் மாசிலாமணி அந்தச் சுவருக்கு எதிரே போய் நின்றார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி கையில் ஒரு பை வேறு. மேளத் தொழில்காரர்கள் சிலர் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். தன்னை விட்டுவிட்டதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு மனுவோடு அம்மாள் வீட்டுக்குப் போனார். அம்மாள் அரிவாள்மனையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னடா மாசி இது?"

"நகராட்சிக்கு மனும்மா. முதல் கையெழுத்து நீங்க போடணும். நீங்க போட்டா மத்தவங்க தானா போடுவாங்க."

அம்மாள் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"குஞ்சிதபாதம் படத்தை அழிக்கணும்னு எழுதியிருக்கே. ஏன் அழிக்கணும்னு எழுதலையே?"

"வயிறு எரியுதும்மா. அதை மனுவுல எழுத முடியுமா?"

"முடியாதுதான்."

"என்னை ஏன் விட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? சுவத்துல பீச்சாங்கைக்காரன் இருந்தா ஊருக்கு ஆகாதுன்னு எவனாவது ஓதியிருப்பான். குஞ்சிதபாதத்துக்கு மட்டும் என்னம்மா கொம்பா முளைச்சிருக்கு? கீர்த்தனை பாதியில தாளத்தை விட்டுட்டு முழிச்சவன்தானே? நான்தானே அன்னிக்கு எடுத்துக் கொடுத்தேன்?"

"நீதான் எடுத்துக் கொடுத்தே."

"அப்புறம்?"

அம்மாள் மனுவைப் பக்கத்தில் வைத்தார். "படத்துல தப்பு இருந்தா அழிக்கச் சொல்லலாம். போய் நல்லாப் பாத்துட்டு வா."

மாசிலாமணி ஓட்டமும் நடையுமாகப் போனார். காய் நறுக்கி முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ரெண்டு காதுலயும் கடுக்கன் போட்டிருக்கான்மா! ஒத்தைக் கடுக்கனைத் தொலைச்சுட்டு அவன் ஆறு வருஷமா அலையறான்."

"கடுக்கனாடா வாசிக்குது?"

"தொப்பையே இல்லேம்மா. அவன் தவில் நிக்கிறதே தொப்பை மேலதான்."

"தொப்பையைக் குறைச்சதுக்கெல்லாம் எந்த ஆபீசரும் சுவத்தை அழிக்க மாட்டார். கையைப் பாத்தியா?"

"கையா?"

"தவில்காரன் படத்துல வேற எதைப் பாப்பாங்க? போ."

இந்தத் தடவை நேரமாயிற்று. அம்மாள் குழம்பைக் கொதிக்கவிட்டு இறக்கியும் ஆகிவிட்டது. மாசிலாமணி வெயிலில் நடந்து வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"கையில ஒரு குறையும் இல்லேம்மா."

"நல்லாப் பாத்தியா?"

"ஒரு மணி நேரம் பாத்தேன். கழியைப் பிடிச்ச பிடி, மணிக்கட்டு திரும்பினது, சுண்டுவிரல் தனியா நிக்கிறது, எல்லாம் அப்படியே சரியா இருக்கு. பாத்துக்கிட்டே இருந்தா காதுல தவில் சொல்லு கேக்குது. அதாம்மா எனக்குத் தாங்கலை." தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் கை அப்படி விழாது. நாப்பது வருஷமா பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். அந்தக் கை அவனுக்கு எப்படிம்மா வந்துச்சு? அது எனக்கு வந்திருக்கக் கூடாதா?"

அம்மாள் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"மாசி, படத்துல கழி எந்தக் கையில இருக்கு?"

"இதென்ன கேள்வி? இந்தக் கையிலதான்."

சொல்லிக்கொண்டே தன் கையைத் தூக்கிக் காட்டினார். வலது கை. தூக்கிய கை அப்படியே நின்றது. மாசிலாமணி அதைப் பார்த்தார். மடியில் கிடந்த இடது கையையும் பார்த்தார்.

"குஞ்சிதபாதம் கழியை எந்தக் கையிலடா பிடிப்பான்?"

மாசிலாமணி தூக்கிய கையை மெல்ல இறக்கினார்.

"ஏழு பேர் யார் யாருன்னு நகராட்சிதான் முடிவு பண்ணிச்சு. என்னை யாரும் கேக்கலை," என்றார் அம்மாள். "வரையற பையன் போட்டோ கேட்டு எங்கிட்ட வந்தான். குஞ்சிதபாதம் கொடுத்த போட்டோவுல மூஞ்சி மட்டும்தான் இருந்துச்சாம், வாசிக்கிற மாதிரி ஒண்ணு வேணும்னான். உங்க ரெண்டு பேர் படமும் இருக்கிற பழைய கும்பாபிஷேக ஆல்பத்தைக் கொடுத்தேன். ஒரு படத்துல உன் மூஞ்சியைச் சாமி குடை மறைச்சிருந்துது. அவன் முழுக்கப் புரட்டிப் பாத்துட்டு, இது யார் கைன்னு கூடத் தெரியாம, 'இந்தக் கை போதும்மா'ன்னு எடுத்துக்கிட்டுப் போனான்."

"அவனுக்குத் தெரியுமா?"

"யாருக்கு, குஞ்சிதபாதத்துக்கா? வரைஞ்சு முடிச்ச அன்னிக்கே வந்தான். இதோ, நீ உக்காந்திருக்கிற படியிலதான் உக்காந்தான். 'தூரத்துல வரும்போதே தெரிஞ்சுபோச்சும்மா, அது மாசி கை. என் மூஞ்சிக்குக் கீழே மாசி கை கிடைச்சிருக்கு, மாத்தச் சொல்லிடாதீங்க'ன்னான். ஊர்ல தொழில்காரங்க எல்லாருக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியலை."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். ரெண்டு கையும் முழங்காலின் மேல் இருந்தன. அவை யாருடையவையோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாள் உள்ளே போய்ப் பேனாவை எடுத்துவந்தார். மனுவை மடியில் வைத்து விரித்தார். மூக்குக்கண்ணாடியை ஒருமுறை துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கையெழுத்து கேட்டியே, போடறேன். காரணமும் இருக்கு இப்போ. முகம் ஒருத்தரோடது, கை இன்னொருத்தரோடது, அது தப்புதான். எதை அழிக்கச் சொல்லட்டும், சொல்லு. முகத்தையா, கையையா?"