வந்தா வாங்க

ஜவ்வாது மலையடிவாரத்தில் மீனாம்பாள் என்றொரு குரு இருந்தார். வயது நாற்பத்து நான்கு. அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் மூத்தவர் தணிகாசலம். அவருக்கு அறுபத்தாறு. முப்பது வருடம் அகராதி தொகுத்துவிட்டு, ஓய்வு பெற்ற மறு மாதமே ஒரு தோள்பையோடு வந்து நின்றவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை ஐயா என்பார்.

ஒரு நாள் பொழுது விடிந்த கையோடு மீனாம்பாள் கத்திரிச் செடிகளுக்கு நடுவே களை பிடுங்கிக்கொண்டிருந்தார். தணிகாசலம் ஒரு அஞ்சலட்டையும் நோட்டுப் புத்தகமுமாக வந்து வரப்பில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"என் பொண்ணு எழுதியிருக்கா."

மீனாம்பாளின் கை நின்றது. கயல் என்று ஒரு மகள் இருப்பது அவருக்குத் தெரியும். எட்டு வருடமாகப் பேச்சில்லை என்பதும் தெரியும். தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகக் கயல் சொன்ன அன்று, தணிகாசலம் ஒரே ஒரு சொல்தான் சொன்னார். "போ." அவள் போய்விட்டாள்.

"படிங்க ஐயா."

"'பாப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை பேர் வைக்கிறோம். வந்தா வாங்க.' அவ்வளவுதான். கீழே செய்யாறு விலாசம்."

"நல்ல சேதிதானே. சந்தேகம் என்ன?"

"வந்தா வாங்க. இதுக்கு என்ன அர்த்தம்?" அவர் நோட்டைத் திறந்தார். "நான் வர மாட்டேன்னு நினைச்சு எழுதியிருக்கலாம். வந்தா துரத்த மாட்டேன், அவ்வளவுதான்னு இருக்கலாம். கெஞ்ச மனசில்லாம ஆசையை மறைச்சிருக்கலாம். அப்புறம் இந்த 'வாங்க'. சின்ன வயசுல 'வாப்பா'ன்னுதான் கூப்பிடுவா. இப்போ கூடியிருக்கிறது மரியாதையா, தூரமா?"

"எத்தனை பக்கம் எழுதியிருக்கீங்க?"

"பதினாலு."

"கடைசிப் பக்கத்துல என்ன இருக்கு?"

தணிகாசலம் நோட்டை மூடினார். "ஒண்ணும் இல்லைம்மா. ஒரு அர்த்தத்தை எழுதினா, அடுத்தது வந்து அதை அடிச்சுப் போட்டுடுது. ரெண்டு சொல்லையும் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துட்டேன். உள்ளே அவளைக் காணோம்."

"கார்டு எப்போ வந்தது?"

"அஞ்சு நாளாச்சு."

"இன்னிக்கு என்ன கிழமை?"

அவர் குரல் இறங்கிப்போயிற்று. "ஞாயிறு."

மீனாம்பாள் எழுந்து கை கழுவினார். உள்ளே போய், புடவை மாற்றிக்கொண்டு வந்தார். கையில் ஒரு சின்னக் கூடை நிறையக் கத்திரிக்காய்.

"செருப்பைப் போடுங்க ஐயா. ரெண்டு பஸ் மாறணும்."

ஆரணி வரைக்கும் தணிகாசலம் பேசிக்கொண்டே வந்தார். வாசலில் நின்று முதலில் எதைச் சொல்வது என்பதுதான் இப்போது அவருடைய கவலை. 'மன்னிச்சிடு' என்றால் வந்ததும் வராததுமாக அவளிடம் ஒன்றைக் கேட்பதாகிவிடும். 'நல்லா இருக்கியா' என்றால் எதுவுமே நடக்காதது மாதிரி ஆகிவிடும்.

"அகராதியில 'போ'ங்கிற சொல்லுக்கு முப்பத்தெட்டு பொருள் எழுதினேன்ம்மா," என்றார். "'போகாதே'ங்கிற பொருளை மட்டும் விட்டுட்டேன்."

 மீனாம்பாள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் தலை கம்பியில் இடித்தது. தணிகாசலம் தன் துண்டை மடித்து நடுவே வைத்தார்.

கதவைத் திறந்தது கயல்தான். நெற்றியில் வியர்வை, கையில் கரண்டி. அப்பாவைப் பார்த்தபடியே நின்றாள். அந்த முகத்தையும் அவரால் படிக்க முடியவில்லை. பஸ்ஸில் தயார் செய்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"வெயில்ல நிக்காதீங்கப்பா," என்றாள் அவள். "உள்ளே போங்க."

மீனாம்பாள் கூடையை நீட்டி, "அடுப்படி எந்தப் பக்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அங்கே வெங்காயம் உரிக்கும் பெண்களோடு அவரும் உட்கார்ந்திருந்தார்.

கூடத்தில் தணிகாசலமும் கயலும் மட்டும். அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார்.

"இதுல வந்தா வாங்கன்னு எழுதியிருக்கே. என்ன நினைச்சும்மா எழுதினே?"

கயல் அதை வாங்கிப் பார்த்தாள்.

"நாலு கார்டு எழுதிக் கிழிச்சேன்ப்பா. கட்டாயம் வாங்கன்னு எழுதினேன், கோவம் வந்துச்சு. வரலைன்னாலும் பரவாயில்லைன்னு எழுதினேன், அழுகை வந்துச்சு. அஞ்சாவதா எழுதினது இது. என்ன நினைச்சேன்னு எனக்கே தெரியலை. தபால் பெட்டிக்குள்ள போட்டப்புறம், கையை விட்டு எடுக்க முடியுமான்னு பாத்தேன்."

தணிகாசலம் அட்டையைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்தார்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொன்னப்போ..." என்று தொடங்கினார்.

"பாப்பா முழிச்சுட்டா," என்றாள் கயல்.

உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்து, அவர் மடியில் வைத்தாள். "தலையைப் பிடிச்சுக்குங்கப்பா. இன்னும் தலை நிக்கலை." அவர் உள்ளங்கையைத் தலைக்கு அடியில் கொண்டுபோனார். அவள் தன் கையை அதன் அடியில் கொடுத்தாள். அவர் சரியாகப் பிடித்த பிறகும் எடுக்கவில்லை.

மருமகன் வில்வநாதனும் அடுப்படியில் இருந்தவர்களும் வந்து சுற்றி நின்றார்கள். "நீங்கதான் முதல்ல பேர் சொல்லணும் மாமா."

"என்ன பேரு?"

"ஆதிரை."

அந்தச் சொல்லைப் பற்றி அவருக்கு நிறையத் தெரியும். எதையும் சொல்லவில்லை. "ஏன் இந்தப் பேரு?" என்று மட்டும் கேட்டார்.

"கூப்பிட நல்லா இருக்குல்லப்பா," என்றாள் கயல்.

அவர் குனிந்து குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னார். குழந்தை கொட்டாவி விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். கயலும் சிரித்தாள்.

நான்கு மணி பஸ்ஸுக்கு மீனாம்பாள் கிளம்பினார். தணிகாசலமும் பையை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தார். பஸ் நிறுத்தத்து நிழலில் இருவரும் நின்றார்கள்.

"அம்மா," என்றார் பிறகு. "மூணு தடவை சொன்னேன். அது தன் பேருன்னே அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அது வெறும் சத்தம். ஒரு சத்தம் எப்போ ஒருத்தரோட பேரா ஆகுதுன்னு, இத்தனை வருஷம் அகராதி போட்டும் எனக்குத் தெரியலை."

ஆரணி பஸ் வந்து நின்றது. மீனாம்பாள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். தணிகாசலம் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு பதிலுக்காகப் பார்த்தார்.

"தினமும் கூப்பிடணும் ஐயா," என்றார் குரு. "ஆறு மாசத்துல, கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பா."

கண்டக்டர் விசில் ஊதினார். தணிகாசலம் படியிலிருந்து காலைக் கீழே இறக்கி, பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றார்.