தேத்தாங்கொட்டை தட்டையான கதை

அந்தக் காலத்தில் காற்றும் தண்ணீரும் மண்ணும் மரமும் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. அப்போது ஒரு மலையடிவாரத்தில் சுண்ணாம்புக் காளவாய் போட்டுப் பிழைத்துவந்தார்கள் வெள்ளையம்மாவும் அவள் புருஷன் இருளப்பனும். பெயர்ப் பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தார்களோ என்னவோ, கல்லைச் சுட்டு நீற்றி முடித்தால் இரண்டு பேரும் ஒரே வெள்ளையாகத்தான் வீடு திரும்புவார்கள்.

வெள்ளையம்மாவுக்கு ஊருணி என்றால் உயிர். விடிந்ததும் குடத்தோடு போய்ப் படியில் உட்கார்ந்துவிடுவாள். அவளும் ஊருணியும் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். அந்த வட்டாரத்தில் குடிக்க வேறு நல்ல தண்ணீரும் கிடையாது.

காளவாய் எரிந்தால் சாம்பல் சேரத்தானே செய்யும்? அதை முறத்தில் அள்ளிக்கொண்டு மேட்டில் நின்று தூற்றுவாள். "காத்தோட போச்சு" என்று கையைத் தட்டிக்கொள்வாள். காற்று நல்ல பிள்ளை, சுமக்கிற மட்டும் சுமந்தது. ஒரு நாள் மூச்சிரைக்க வந்து நின்றது.

"அத்தை, என்னால முடியல. கண்ணெல்லாம் எரியுது."

பிள்ளை சொல்வதும் நியாயம்தான் என்று அடுத்த சாம்பலை ஓடையில் கொட்டினாள். "ஆத்தோட போச்சு" என்றாள். மீன்கள் செத்து மிதந்ததும் ஓடை முகத்தைத் திருப்பிக்கொண்டது. சரி என்று குழி தோண்டிப் புதைத்து, மேலே ஏறி நின்று மிதித்தாள். "மண்ணோட மண்ணாப் போச்சு. இனி யாருக்கும் தொந்தரவில்ல." மண் பொறுமைக்காரி, வாங்கி வைத்துக்கொண்டது.

மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் படியில் இறங்கினால், ஊருணி சாம்பல் நிறத்தில் கலங்கிக் கிடந்தது.

"ஏண்டி, என்ன ஆச்சு உனக்கு? எவன் உன்னைக் கலக்குனான்? சொல்லு, அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிடுறேன்!" என்றாள் வெள்ளையம்மா.

"எவனும் இல்ல, நீதான்" என்றது ஊருணி. "காத்துல தூத்துனியே, அதை மழை எறக்கிக் கொண்டாந்து என் தலையில கொட்டுச்சு. ஓடையில விட்டது வாய்க்கால் வழியா வந்துச்சு. பொதைச்சியே, அதை மண்ணு எத்தனை நாளு வச்சிருக்கும்? கசிஞ்சு கசிஞ்சு என் மடிக்குத்தான் வந்துச்சு. போச்சு போச்சுன்னியே, எங்கடி போச்சு? நான்தான் போகப்போறேன். பாதாளத்துக்கே எறங்கிப் போயிடுறேன்."

ஊர் தாகத்தில் தவிக்கும் என்பதெல்லாம் வெள்ளையம்மாவுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இனி யாரிடம் பேசுவோம் என்பதுதான் முதலில் சுட்டது. "போகாதடி, போகாதடி" என்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் அழுக்கை வாரி வாரி வெளியே வீசினாள். அடியில் கிடந்த கசடும் மேலே வந்தது. கலங்கிய ஊருணி இன்னும் கலங்கியது. தண்ணீர் ஒவ்வொரு படியாக உள்வாங்கத் தொடங்கியது.

கரையில் ஒரு குட்டை மரம் நின்றிருந்தது. பூவும் பொடிசு, பழமும் தேடி வந்து தின்கிற பழமில்லை. அதனால் யாரும் அதற்குப் பெயர் வைக்க மெனக்கெடவில்லை.

"ஆத்தா, கரையேறு" என்றது அந்த மரம். "கலங்கி நிக்கிறவளைப் போட்டு உலுக்குனா தெளிவாளா? பக்கத்துல உக்காந்து தேத்தணும். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. இந்தா, என் கொட்டைய வச்சுக்க." சொல்லிவிட்டு, அந்த வருஷம் முளைக்க வைத்திருந்த கொட்டைகள் அத்தனையையும் உதிர்த்துவிட்டது.

அப்போதெல்லாம் அந்தக் கொட்டை கோலிக்குண்டு போல உருண்டையாக இருக்கும். வெள்ளையம்மா அதைப் படிக்கல்லில் உரைத்தாள். உரைத்த விழுதை மெல்ல மெல்லத் தண்ணீரில் வழியவிட்டாள். கொட்டைகள் தேய்ந்து தட்டையாகும் வரை உரைத்துக்கொண்டே, "என் தப்புத்தாண்டி, என் தப்புத்தாண்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அலைந்துகொண்டிருந்த சாம்பல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தது. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் உள்வாங்குவதும் நின்று, அதில் அவள் முகம் தெரிந்தது, அழுது வீங்கிய மூக்கோடு.

"மூக்கைத் தொடைடி, பார்க்கச் சகிக்கல" என்றது ஊருணி.

வெள்ளையம்மாவுக்கு அழுகையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. மரத்தைக் கையெடுத்துக் கும்பிட்டு, "எல்லா அழுக்கும் போச்சு சாமி!" என்றாள்.

"மறுபடியும் போச்சா?" என்றது மரம். "அடியில எட்டிப் பாரு. என்னால தேத்தத்தான் முடியும். அள்ளுறது உன் வேலை."

இருளப்பனையும் கூட்டிவந்து ஊருணியின் அடியில் படிந்ததை மெதுவாக அள்ளினாள். அதைக் கொண்டுபோய்க் காளவாய்ச் சுவரிலேயே குழைத்துப் பூசினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சாம்பல் அவர்கள் வாசலைத் தாண்டவில்லை.

அன்று முதல்தான் பெயரில்லாத அந்த மரம் தேத்தாமரம் ஆனது, அதன் கொட்டையும் தட்டையாகவே காய்க்கிறது. அதைப் பானையின் உள்ளே உரைத்து, கலங்கிய தண்ணீரைத் தேற்றி, தெளிந்ததை இறுத்துக் குடிக்கிறோம், பானையின் அடியில் ஒரு கை கசடு மட்டும் எங்கேயும் போகாமல் நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது.