பஞ்சில் ஒட்டிய பழுப்பு

அங்கண்ணன் பதினொரு பிளாப்பிகளையும் மேசைமேல் அடுக்கினார். பக்கத்தில், சங்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த டிரைவை வைத்தார். பன்னிரண்டாவது பிளாப்பி சட்டைப் பையிலேயே இருந்தது.

"படிக்க மாட்டேங்குது டீச்சரம்மா. படிக்க வைக்க முடியுமா?"

மாதேஸ்வரி திருப்புளியைத் தேடி எடுத்தார்.

மாதேஸ்வரிக்கு நாற்பது வயது. அங்கண்ணனுக்கு அறுபத்தெட்டு. பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்துக்காக முப்பது வருடம் ஆலை வாசலில் நின்று தொண்டை கிழியப் பேசியவர், நான்கு மாதமாக மாதேஸ்வரியின் இந்த மாடி ரிப்பேர் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பழைய கம்ப்யூட்டரின் பிளாப்பி டிரைவைக் கழற்றவும் துடைக்கவும் மாற்றவும் கற்றுக்கொண்டிருந்தார். காரணம் ஒன்றுதான். சங்கத்தின் பிளாப்பிகளை வேறொரு கை தொடக்கூடாது.

அவற்றில் இருந்தது எண்பத்துநான்கு பேரின் வாக்குமூலம். பஞ்சு உடைக்கும் அறையில் வேலை பார்த்து, தூசி நெஞ்சில் கட்டி, மூச்சுக்குத் தவித்தவர்கள் தங்கள் வாயால் சொன்னது. ஒரு பிளாப்பிக்கு ஏழு பேர். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஆலைக்காரன் என்றைக்கோ கொளுத்திவிட்டான். வக்கீல் பிளாப்பிகளைக் கேட்டார், அங்கண்ணன் கொடுக்கவில்லை. நகல் எடுத்துத் தருகிறேன் என்று ஆராய்ச்சிக்கு வந்த பெண் கெஞ்சினாள், கொடுக்கவில்லை. எதிர்ச் சங்கத்துக்காரன் கேட்டபோது வாசலைக் காட்டினார். இருபத்தாறு வருடம் தகரப் பெட்டியில் அவை பத்திரமாக இருந்தன. சொன்னவர்கள் ஒவ்வொருவராகச் செத்து முடிந்தார்கள்.

திங்கட்கிழமை கோர்ட்டில் விசாரணை. தூசியால்தான் செத்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள்.

மாதேஸ்வரி டிரைவின் மூடியைத் திறந்தார். பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு, பிளாப்பியைப் படிக்கிற இரண்டு ஹெட்டுக்கும் நடுவே மெல்ல இழுத்தார். வெள்ளையாய் உள்ளே போன பஞ்சு பழுப்பாக வெளியே வந்தது.

"இது என்னங்க?"

"அழுக்கு."

"முதல் நாள் என்ன சொன்னேன்?"

அங்கண்ணன் ஒப்பித்தார். "பிளாப்பிமேல பூசின பழுப்புலதான் எழுத்து இருக்குதுன்னு சொன்னீங்க."

மாதேஸ்வரி பஞ்சுக்குச்சியை ஒரு காகிதத்தின்மேல் வைத்தார். எறியவில்லை.

"டிரைவை நானே மாட்டினேன் டீச்சரம்மா. ஒயரைத் திருப்பிப் போடலை. லைட்டு எரிஞ்சு ஒழுங்கா அணைஞ்சுது."

"மாட்டினதுல குத்தமே இல்லைங்க. முதல் பிளாப்பியைப் போடறதுக்கு முன்னால அதோட தகரக் கதவை நகத்திப் பாத்தீங்களா?"

முதல் பிளாப்பியின் கதவை மாதேஸ்வரி நகர்த்திக் காட்டினார். ஊறுகாய்மேல் பூக்கிற மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பூசணம்.

இரண்டாவதின் கதவை நகர்த்தினார். புள்ளி ஒன்றும் இல்லை. வட்டமாக ஒரு கீறல் மட்டும் இருந்தது. ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் கீறல் வழியே வெளிச்சம் தெரிந்தது. மூன்றாவதும் அப்படியே. நான்காவதை அவர் பார்க்கவில்லை.

"சத்தம் கேட்டுதுங்களா?"

"கீச்சுனு கேட்டுது."

"கேட்டும்?"

"திரும்ப முயலவான்னு கேட்டுச்சு. 'ஆர்' அழுத்தினேன்."

"எத்தனை தடவைங்க?"

"எண்ணிக்கிட்டா இருந்தேன்?"

திரும்ப முயல 'ஆர்'. கைவிட 'ஏ'. அந்த 'ஏ' பக்கம் அங்கண்ணனின் விரல் போனதே இல்லை. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

"அது செத்துப்போச்சு, அடுத்தது பேசும்னு ரெண்டாவதைப் போட்டேன். அப்புறம் மூணாவது."

"முதலாவதுல இருந்த பூசணம் ஹெட்டுல ஒட்டிக்கிச்சு. மிச்சம் பத்தையும் அந்த ஹெட்டுதானுங்க வழிச்செடுத்துது. அந்தப் பத்தும் நல்லாத்தான் இருந்திருக்கும்."

அங்கண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வாசல்ல ஒருத்தன் விழுந்தா அடுத்தவனை அனுப்பணும் டீச்சரம்மா. அதுக்குப் பேருதான் போராட்டம். முதல் நாள் பதினாலு பேரோட மண்டையை உடைச்சாங்க. நான் பின்வாங்கலை. மறுநாளே இருபது பேரை அனுப்பினேன்."

"அவங்க மண்டை?"

"உடைஞ்சுது."

"வாசல்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "திறக்கலை."

மாதேஸ்வரி அவருடைய சட்டைப் பையைக் காட்டினார். "பதினொண்ணோட எப்படி நின்னீங்க?"

"கரண்டு போயிருச்சு."

"கரண்டுக்கு ஒரு மாலை போடுங்க, தோழரே."

அங்கண்ணன் சிரிக்கவில்லை. பன்னிரண்டாவதை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். மாதேஸ்வரி வாங்கிக்கொள்ளவில்லை.

"இதுல யாருங்க இருக்காங்க?"

"அந்தப் பஞ்சு ரூமைக் கூட்டிப் பெருக்கின பொம்பளைங்க. ஏழு பேர். சங்கத்துல உறுப்பினர் இல்லை. போனாப் போகுதுன்னு கடைசியா எழுதிக்கிட்டோம்."

"பேரு?"

அங்கண்ணன் யோசித்தார். மாநாட்டுக்கு வந்த தலைவர்களின் பெயரெல்லாம் வரிசையாக வந்தது. அந்த ஏழில் ஒரு பெயரும் வரவில்லை.

"நீங்களே பண்ணுங்க," என்றார் மாதேஸ்வரி.

அங்கண்ணன் கதவை நகர்த்திப் பார்த்தார். இதிலும் பூசணம். உறையைப் பிளந்து, உள்ளேயிருந்த மெல்லிய வட்டத்தை எடுத்து, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் அலசினார். காய வைத்துப் புது உறைக்குள் போட்டார். ஹெட்டை மறுபடி துடைத்தார். இந்த முறை பஞ்சு வெள்ளையாகவே வந்தது. கடைக் கம்ப்யூட்டரில் டிரைவை மாட்டி, பிளாப்பியை உள்ளே தள்ளினார்.

லைட்டு எரிந்தது. ஓடுகிற சத்தம் சீராகக் கேட்டது. திரையில் ஒரு வரி வந்தது: "என் பெயர்". அதற்கு மேல் வரவில்லை.

கீச்.

திரும்ப முயலவா, கைவிடவா என்று திரை கேட்டது. அவருடைய விரல் தானாகவே 'ஆர்' மேல் போய் நின்றது. மாதேஸ்வரி தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

கொஞ்ச நேரம் விரல் அங்கேயே நின்றது. பிறகு நகர்ந்தது. அங்கண்ணன் 'ஏ' அழுத்தினார். பிளாப்பியை வெளியே எடுத்தார். புதுப் பஞ்சுக்குச்சியால் ஹெட்டைத் துடைத்தார். பஞ்சின் நுனியில் மெல்லிய பழுப்புக் கோடு.

"நிறுத்திட்டேன் டீச்சரம்மா."

"ஆமாங்க. பன்னெண்டாவதுல."

"இதுல மிச்சம் இருக்குமா?"

"இருக்கும். எடுக்கிற வழி எனக்குத் தெரியாதுங்க."

அங்கண்ணன் முக்காலியில் உட்கார்ந்தார். மைக் இல்லாமலே ஆயிரம் பேருக்குக் கேட்ட அந்தக் குரல் இப்போது மேசையைத் தாண்டவில்லை.

"திங்கக்கிழமை கேப்பாங்க. எண்பத்திநாலு பேர் சொன்னாங்கன்னியே, எங்கேன்னு கேப்பாங்க. நான் எதைக் கொண்டுபோய் வைப்பேன்?"

மாதேஸ்வரி இரண்டாவது பஞ்சுக்குச்சியையும் காகிதத்தின்மேல் வைத்தார். விபூதிப் பொட்டலம்போல் நான்காக மடித்து, அவர் கையில் கொடுத்தார்.

"இதை வைங்க. அவங்க சொன்னது பூராவும் இதுலதான் இருக்குது. வரிசை மட்டும்தானுங்க இல்லை."