புள்ளி இல்லாத கல்யாணப் படம்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வைகுண்டம் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். கூட்டாளிகள் ஏகாம்பரமும் தங்கப்பழமும். மூன்று பேர் மூளையையும் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு சொட்டுத் தேறாது. ஆனால் வேலையில் அவர்களைப் போலப் பயபக்தி உள்ளவர்களைப் பார்க்க முடியாது.

புதன்கிழமை காலையில் சொர்ணத்தாய் ஒரு பழைய பிலிமைக் கொண்டுவந்தாள். அவளுடைய அப்பா அம்மாவின் கல்யாணப் படம். இருப்பது அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். மண்டபத்து வாசலில் பேனர் வைக்க வேண்டும். ஸ்கேன் செய்து பார்த்தால், படம் முழுக்க ரவை தூவியதுபோலப் புள்ளி.

"ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள். வைகுண்டம் ஏற்கெனவே இரண்டு படங்களைச் சொதப்பியிருந்தார். இதுவும் கெட்டால் கடைக்கு ஈ காக்கைகூட வராது.

படம் திருத்தும் சாஃப்ட்வேர் விற்றவரிடம் போனில் கேட்டார். "ஸ்கிரீன்ல புள்ளி நீக்குற பட்டன் இருக்கும், அதை மெதுவா வலது பக்கம் நகர்த்துங்க, புள்ளி மறைஞ்சிரும்" என்றார் அவர்.

மெதுவாக என்றால் மெதுவாகத்தான். ஆள் மாற்றி ஆள் மவுஸைப் பிடித்து, மதியச் சாப்பாட்டுக்குள் அரை அங்குலம் நகர்த்தினார்கள். தும்மல் வந்த ஏகாம்பரம் தெருவுக்கு ஓடித் தும்மிவிட்டு வந்தான்.

சாயங்காலம் ரவை போயே போய்விட்டது. அதோடு கையை எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"அண்ணாச்சி, பொண்ணு நெத்தியில ஒரு புள்ளி இருக்குல்லா?" என்றான் தங்கப்பழம்.

"அது பொட்டுலே."

"பொட்டுன்னா புள்ளி இல்லையா?"

வைகுண்டம் யோசித்தார். புள்ளிதான். பொட்டை எடுத்தார். மூக்குத்தியையும், மாப்பிள்ளை கன்னத்து மச்சத்தையும் எடுத்தார்.

"அப்போ கண்ணுமணி?"

"அதுவும் கருப்பு, அதுவும் வட்டம்" என்றான் ஏகாம்பரம். "அதை மட்டும் விட்டா, மச்சம் என்ன பாவம் பண்ணுச்சு?"

நியாயமான பேச்சு. நாலு கண்மணிகளும் போயின. இரண்டு இட்லிக்கு மாலை போட்டதுபோல வந்தது படம்.

தங்கப்பழத்துக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "புள்ளியோட வேரு பிலிம்லல்லா கிடக்கு. நாளைக்கு மறுபடி முளைச்சா?"

தேங்காய் நாரில் பாத்திரப் பொடி போட்டு பிலிமைத் தேய்த்தார்கள். அது கண்ணாடி மாதிரி பளிச்சென்று ஆயிற்று. புள்ளியும் இல்லை, கல்யாணமும் இல்லை.

மறுநாள் சொர்ணத்தாய் வந்து, பிரிண்ட் போட்டு வைத்திருந்த படத்தைப் பார்த்தாள். பிலிமையும் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "இது எங்க அப்பா அம்மா மாதிரியா இருக்கு?"

அவள் அழுவதைப் பார்த்து மூவரும் மூலையில் கூடி, படத்தை மேலும் கீழும் திருப்பிச் சோதித்தார்கள். படத்தில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் குறை எங்கே? வைகுண்டத்தின் முகம் தெளிந்தது.

"அழாதீங்க தாயி. அப்பாவையும் அம்மாவையும் சாயங்காலம் கடைக்குக் கூட்டிட்டு வாங்க. இந்தப் படம் மாதிரியே ஆக்கித் தந்திருதோம். பொட்டு, மூக்குத்தி, மச்சம் எல்லாம் அரை மணி நேர வேலை. கண்ணுக்குத்தான் கொஞ்சம் நேரமாகும்."