ஆள் இல்லாத குழி

"இந்தக் காத்தடிக்கற ப்ளோயருக்கு வேற வேலையே கிடையாதா, மேடம்?" என்று கேட்டார் சவரிமுத்து.

அந்தத் தீயணைப்பு நிலையத்தில் மூத்த வீரர் அவர். நிலைய அலுவலர் மங்கையர்க்கரசிக்கு அவருடைய மகள் வயது. வயதைப் பார்த்தா சந்தேகம் கேட்பார்கள்? கேட்டார்.

"இப்ப என்ன வேலை பார்க்குது?"

"புகையை விரட்டத்தான் வாங்கினாங்க. இந்த ஊர்ல தீ எங்க பிடிக்குது? தோல் பதனிடற ஷாப்போட கழிவுக் குழியிலதான் ஆள் விழறான். நாம போறப்ப செத்துக் கிடக்கான். மஞ்சக் குழாயை உள்ள விட்டு, விஷக் காத்து வெளியேறற வரைக்கும் வீசறோம். அப்புறம் இறங்கித் தூக்கறோம். பொணத்துக்கு விசிற ஒரு மெஷினா?"

"பொணத்துக்கு இல்லண்ணே. இறங்கப் போற உங்களுக்கு."

"அது மட்டும் நியாயமா? தூக்கப் போற எனக்குக் காத்து உண்டு. வேலைக்கு இறங்கினவனுக்குக் கிடையாது."

சவரிமுத்து மேலும் சொன்னார்.

"இதோட சத்தம் கேட்டாலே பக்கத்துல தொழிலாளிங்க லைன் வீட்டுப் பொம்பளைங்க தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு வந்துடறாங்க. எவன் செத்தான்னுகூடக் கேக்கறதில்ல. நனைஞ்ச ஹோஸைக் காயவைக்கலாம். வெள்ளம் புகுந்த பள்ளிக்கூடத்தைக் காயவைக்கலாம். இல்லேன்னா ஏதாவது கல்யாண மண்டபத்துக்குக் குடுத்துடலாம்."

"மாப்பிள்ளை பறந்துடுவார்."

சொல்லிவிட்டு மங்கையர்க்கரசி எழுந்தார்.

"வண்டியில ஏத்துங்க."

"போன் எதுவும் வரலையே, மேடம்."

"வந்தப்புறம் போய் என்னத்தைக் கண்டோம்?"

நல்ல மதியம். வண்டி மணி அடிக்காமல் போனது.

தோல் ஷாப்பின் பின்சுவரை ஒட்டி ஒரு குழி. காலையில் அந்த வழியாக வந்தபோதே, ஆட்கள் அதன் மூடியை நெம்பிக்கொண்டிருந்ததை மங்கையர்க்கரசி பார்த்திருந்தார். இப்போது அது திறந்து கிடந்தது. சுவரோரத்துக் கம்பத்தில் கட்டிய கயிறு ஒன்று குழிக்குள் இறங்கியது. பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு காண்டிராக்டர் தனபாலன் நின்றார்.

"உள்ள இருக்கற ஆளை மேல வரச் சொல்லுங்க."

"உள்ள யாரும் இல்லீங்களே."

கயிறு அசைந்தது.

அந்தக் குழிக்குள் மனிதன் இறங்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே சட்டப்படி உள்ளே யாரும் இல்லை. கயிறு தானாக அசைந்தது, அவ்வளவுதான்.

மங்கையர்க்கரசி வாதாடவில்லை. மஞ்சள் குழாயைக் குழிக்குள் விடச் சொன்னார். சவரிமுத்து விட்டார். இன்ஜின் ஒரு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. குழாய் விம்மிப் பருத்து, மூச்சு வந்ததுபோல் நெளிந்தது.

சத்தம் சுவரைத் தாண்டிப் போனது.

லைன் வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெண்கள் வந்தார்கள். யாரும் ஓடவில்லை. ஓடிப் பயனில்லை என்று தெரிந்தவர்களின் நடை. வழியிலேயே கூந்தலை அவிழ்த்தார்கள். குழியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

முதலில் மார்பில் அடித்துக்கொண்டவள் அஞ்சுகம். அன்று அந்தக் குழிக்கு வேலைக்குப் போனவன் அவள் புருஷன் ஏகாம்பரம்.

"கோகிலா அப்பா, சோத்தை மூடி வச்சுட்டு வந்தேனே. வந்து திங்கறேன்னியே."

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

தனபாலனுக்கு வியர்த்தது. "அட, நிறுத்தச் சொல்லுங்க மேடம். யாரும் சாகலை."

"யாரும் இல்லைன்னீங்க."

"சாகலைன்னு சொல்றேன்."

"இல்லாதவன் சாகலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"



அப்போது, காற்றின் இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு?"

கயிறு விறைத்தது. கரிய கை ஒன்று குழியின் விளிம்பைப் பற்றியது. தலை வந்தது. தோள் வந்தது. ஏகாம்பரம் ஏறி வந்து வெயிலில் நின்றான்.

"யாருண்ணே போனது?" என்று சவரிமுத்துவிடம் கேட்டான்.

சவரிமுத்து அஞ்சுகத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

ஏகாம்பரம் மனைவியிடம் போனான். "அஞ்சுகம், நாந்தான்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அழுதாள். "கோகிலா அப்பா, புள்ளைக்கு நான் என்ன சொல்லுவேன்."

அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு புஜத்தைக் கிள்ளினான். வலித்திருக்க வேண்டும். ஆனாலும் நம்பாதவனைப் போல இன்னொரு முறை கிள்ளினான்.

"என்ன கூத்து இது" என்றார் தனபாலன். "நல்ல காத்துதான் உள்ள போயிடுச்சே. இனி என்ன பயம்? ரெண்டு பக்கெட் வேலை. இறங்குடா."

பழக்கதோஷம். ஏகாம்பரத்தின் கை கயிற்றைப் பிடித்தது.

பெண்களின் அழுகை உயர்ந்தது.

அவன் கயிற்றை விட்டான்.

"இவ எனக்கு அழுதுக்கிட்டிருக்கா சார். நான் எப்படி இறங்கறது?"

தனபாலன் மங்கையர்க்கரசி பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது.

"மெஷினை நிறுத்திடுங்க மேடம். சத்தம் நின்னா இவளுங்க எழுந்து போயிடுவாளுங்க. இவளுங்க போயிட்டா அவன் இறங்கிடுவான்."

மங்கையர்க்கரசி சவரிமுத்துவைப் பார்த்தார்.

தனபாலன் குடையை மடக்கினார். குனிந்து இன்ஜின் ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

அதற்குள் சவரிமுத்துவின் கை அதன்மேல் இருந்தது.

"ஓடட்டும்" என்றார்.